கழுதை என்று சொன்னால் மூட்டை

"கழுதைக்கு நாற்பது வயசாச்சு, இன்னும் கத்திரிக்காயை ஒதுக்கி வைக்குது."

சமையலறைப் பக்கமாகப் போன மருதங்குடி அரசரின் காதில் இது விழுந்தது. சொன்னவள் சொர்ணத்தம்மாள். அவருக்குப் பால்சோறு ஊட்டிய காலத்திலிருந்து அங்கே சமைப்பவள். அரசருக்கு மீசை துடித்தது. அன்றைக்கே தண்டோரா போட்டார்கள். இனி ஒருவரைக் கழுதை என்று சொன்னால், சலவைக்காரரின் அழுக்கு மூட்டையைத் தலையில் சுமந்து ஆற்றுக்குப் போக வேண்டும். முதல் மூட்டை, மறுநாள் காலை, சொர்ணத்தம்மாளுக்கு.

ஊர் திண்டாடியது. "கழுதை, போனால் போகுது" என்று பேரம் முடிக்கும் எண்ணெய்க்காரர் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். சலவைக்காரர் பயந்துபோய்த் தம் கழுதையையே "இந்தாப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அது திரும்பவே இல்லை.

அவைப் புலவர் வெண்காடருக்கோ சொர்ணத்தம்மாளைப் பற்றித்தான் கவலை. முட்டி தேய்ந்த அந்த அம்மாள் மூட்டையோடு படித்துறையில் இறங்கினால் ஏறி வரமாட்டாள். கெஞ்சினால் அரசர் இன்னும் முறுக்கிக்கொள்வார். அதனால் காலையில் அவைக்கு வந்ததும் சட்டத்தை வாயாரப் புகழ்ந்தார். ஒரே ஒரு குறை என்றார். 'சொல்பவர் யாராக இருந்தாலும்' என்று சேர்த்தால் இன்னும் கம்பீரமாக இருக்குமாம். அரசர் பூரித்துப் போய்ச் சேர்த்து, மை தொட்டு முத்திரையும் குத்தினார்.

முத்திரையை உள்ளே வைத்துவிட்டு வருவதாக வாங்கிக்கொண்டு போன வெண்காடர், ஐந்து வயது இளவரசி குமுதவல்லியின் கையில் அதைக் கொடுத்தார். அப்பாவின் புதுப் பட்டு வெறுமையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஓடி வந்தாள் குமுதவல்லி. அப்பாவின் தோளில் மூன்று முத்திரை. கன்னத்தில் ஒன்று.

அரசர் சிரித்துக்கொண்டே அவளை வாரி மடியில் போட்டார். "அடி கழுதை, புதுப் பட்டுடி இது."

அவையோர் வாசலில் இருந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, நீங்க மூட்டை தூக்கணும்" என்றாள் மகள்.

அரசர் விழித்தார். "செல்லமாகத்தானே சொன்னேன், புலவரே?"

"வழிப்போக்கன் கத்திரிக்காயை ஒதுக்கினால் சொர்ணத்தம்மாள் கழுதை என்று திட்டுவாளா, அரசே?" என்றார் வெண்காடர்.

அரசர் திரும்பிப் பார்த்தார். வாசலில் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்த சொர்ணத்தம்மாள், அவர் கன்னத்து மையைத் துடைக்க முந்தானையை நனைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடரின் கழுத்தில் போட்டார். அவளுக்காகக் கட்டி வைத்திருந்த மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தார். ஈர வேட்டியோடு திரும்பியவர் நேரே சமையலறைக்குப் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்து, கத்திரிக்காயை முதலில் தின்றார்.