புகைக்குக் குறுக்கே நின்ற மான்

ஒரு காட்டில், குளத்தங்கரையில் பழைய மண்டபம் ஒன்று இருந்தது. அதன் முகப்பில் சுண்ணாம்புச் சுதையால் செய்த மான்குட்டி ஒன்று காலை மடக்கிப் படுத்திருந்தது. எந்த ராஜா காலத்து வேலையோ, அதன் இடது காது மட்டும் லேசாக மடங்கியிருக்கும்.

அந்தக் காட்டில் ஒரு புள்ளிமான் இருந்தது. அதன் குட்டிக்கும் இடது காது அப்படித்தான் மடங்கியிருந்தது. போன மழையில் வந்த வெள்ளம் அந்தக் குட்டியைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து மான் தினமும் மேய்ந்துவிட்டு வந்து, சுதைக்குட்டியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்திருக்கும். பெற்ற வயிறு அல்லவா, வேறு என்ன செய்யும்?

மண்டபத்துக்கு மேற்கே ஒரு கரடி அடுப்பு மூட்டியது. இலுப்பைப் பூ என்றால் அதற்கு உயிர். மழைக்காலத்துக்குச் சேர்த்து வைக்க, பச்சை விறகைப் போட்டுப் பூவைப் புகையில் வாட்டியது. மேல்காற்று புகையை அப்படியே மண்டபத்துக்குள் தள்ளியது. ஒரே மாதத்தில் சுதைக்குட்டி அடிப்பிடித்த சட்டி மாதிரி ஆகிவிட்டது.

மான் போய்க் கேட்டது. "கரடியண்ணே, அடுப்பை நிறுத்தக் கூடாதா? குட்டி முகமே தெரியலை."

"ஒரு மழை பெய்தா எல்லாம் போயிடும். போம்மா, எனக்கு வேலை கிடக்கு" என்றது கரடி.

மரத்தில் இருந்த குரங்கு குதித்து வந்தது. "அழாதே அக்கா! செப்புக்குடத்தில கரி பிடிச்சா மனுஷங்க என்ன போட்டுத் தேய்க்கிறாங்க? புளி! நான் பார்த்திருக்கேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கே பிடிக்கப் போனால் கேட்க வேண்டுமா? புளியங்காயைக் கசக்கி, மணலும் சேர்த்து, குட்டியின் முகத்தைத் தேய் தேய் என்று தேய்த்தது. குடம் செம்பு, குட்டி சுண்ணாம்பு. கரி போனது. கூடவே குட்டியின் மூக்கும் கரைந்து போனது.

குரங்கு கையைப் பிசைந்துகொண்டு நின்றது. மான் அதைத் திட்டவில்லை. மூக்கு இருந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையிலும் புகை வந்தது. சாயங்காலம் தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு வந்த கரடி, மண்டபத்தைப் பார்த்து நின்றது. சுதைக்குட்டிக்கு முன்னால் கன்னங்கரேலென்று ஒரு பெரிய மான் சிலை.

"இது எப்போ வந்தது?" என்று கிட்டே போனது. சிலை இருமியது.

"ஐயோ, நீயா! காலையிலிருந்தா இப்படி நிக்கிறே?"

"என் மேல கரி படிஞ்சா நக்கி எடுத்துக்குவேன் அண்ணே. இது மேல படிஞ்சா நான் என்ன பண்ணுவேன்?" என்றது மான். அதன் முதுகுக்குப் பின்னால், மடங்கிய காது மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

கரடி உடனே திரும்பி ஓடியது. குளத்தில் இறங்கி வாய் நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு போய் அடுப்பில் ஊற்றியது. அடுப்பு அணையும்வரை ஓயவில்லை.

அதன்பின் பூவைப் பாறைமேல் வெயிலில் காயவைத்தது. காய நாலு நாள் ஆகும், ஆகட்டுமே. அணில் வராமல் குரங்கு காவல் இருந்தது. குட்டிக்கு மூக்கு திரும்பி வரவில்லை. ஆனால் காது இருந்தது. மான் தினமும் வந்து அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

கரியைத் தேய்க்கக் கிளம்பும் முன் அடுப்பை அணையுங்கள். கரைந்துபோன பழமை திரும்பாது, மிஞ்சியதையாவது காக்கலாம்.