பட்டமும் திருப்பமும்

நகரசபைத் தலைவர் மகுடபதியின் காரிலுள்ள திரையில், கம்பெனியிலேயே வந்ததுபோல, பேசி வழிகாட்டும் மேப்பைப் பொருத்தினான் மெக்கானிக் சடையப்பன்.

வண்டி நகர்ந்ததும், "இடதுபக்கம் திரும்பு" என்றது திரை.

தலைவருக்கு முகம் சிவந்தது. "யாரைப் பார்த்து 'திரும்பு'ங்குது? என் பட்டத்தையெல்லாம் சொல்லிட்டு, அப்புறந்தான் வழி சொல்லணும்!"

"செஞ்சுடலாங்க" என்று சடையப்பன் தன் குரலையே பதிவுசெய்து வைத்தான்.

மறுநாள் ஒரு கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்கக் கிளம்பினார் தலைவர்.

"கொடைவள்ளல், ஏழைகளின் தோழர், கொங்கு மண்ணின் சிங்கம், அண்ணன் மகுடபதியார் அவர்களே, இடதுபக்கம் திரும்புங்க!"

சொல்லி முடிப்பதற்குள் திருப்பம் தாண்டிவிட்டது. அடுத்ததும் அப்படியே. மண்டபம் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் நேராகச் சடையப்பன் கடைக்கு வந்து கத்தினார்: "என்னடா பண்ணி வச்சிருக்கே?"

சடையப்பன் நிதானமாகக் கையைத் துடைத்தான். "பட்டத்தைக் குறைக்கட்டுங்களா, இல்ல நீங்க ரோட்டை நீட்டிக் குடுக்கறீங்களா?"