ஒரு குடுக்கைத் தண்ணீர்

அந்தக் காலத்தில் புலி பேசும், மேகம் பேசும், காலடியில் மிதிபடும் பனிகூடப் பேசும். கொரிய மலைகளில் அப்போது ஆள் உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடந்தது. கடலுக்கு அப்பால் ஜப்பான் மலைகளில் ஒரு பிடி பனிகூடக் கிடையாது. நம்பினால் நம்புங்கள்.

வடக்கிலிருந்து வரும் மேகத்தாய் தன் பனிப்பிள்ளைகளைக் கொரிய மலையில் இறக்கிவிடுவாள். வசந்தம் வந்ததும் திரும்ப அழைத்துக்கொள்வாள். மலை வேட்டைக்காரர்கள் காலில் நீண்ட மரப்பலகைகளைக் கட்டிக்கொண்டு அந்தப் பனிமேல் சறுக்கிப் போவார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பனியின்மேல் தண்ணீர் சிந்தக் கூடாது. தண்ணீர் பட்ட பனி இறுகிக் கல்லாகிவிடும், பிறகு பேசவே பேசாது. அதனால் தாகத்துக்குக் குடிக்கும்போதும் மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டுதான் குடிப்பார்கள்.

மக்தோங் அப்படிப்பட்ட ஒரு வேட்டைக்காரன். இலையுதிர் காலத்தில் மனைவி இறந்துபோனாள். ஐந்து வயது மகள் தான்பியை வீட்டில் தனியே விட அவனுக்கு மனம் வரவில்லை. போகுமிடமெல்லாம் முதுகில் கட்டிக்கொண்டு போனான்.

ஒரு நாள் நடுப்பகலில், மலை உச்சியில் உறையாத ஊற்றிலிருந்து பெரிய குடுக்கையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அவன் இறங்கினான். பாதி வழியில் இடது காலின் தோல்வார் அறுந்தது. அந்தப் பலகை சரிவில் வழுக்கி மறைந்தது. அவன் இடுப்புவரை புதைந்து நின்றான்.

"அப்பா, பின்னால யாரோ வர்றாங்க" என்றாள் தான்பி.

"யாரும் இல்ல கண்ணு. திரும்பிப் பாக்காத."

"மஞ்சளா இருக்குப்பா."

வருவது புலி என்று மக்தோங்குக்குப் புரிந்துவிட்டது. வழக்கமாகப் புலிக்கு அவன் பயப்படுவதில்லை. ஆழப் பனியில் அதன் கனத்த உடம்பு நெஞ்சுவரை அமிழும். அதற்குள் அவன் சறுக்கிப் பறந்துவிடுவான். இன்று ஒற்றைப் பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

புலி அவசரப்படவே இல்லை. "மக்தோங், பாரம் அதிகமாக இருக்கிறதே" என்று அக்கறையாகக் கேட்டது. "முதுகில் இருப்பதை மட்டும் இறக்கி வைத்துவிட்டுப் போயேன். உன்னை நான் தொட மாட்டேன்."

தான்பியின் கைகள் அவன் கழுத்தை இறுக்கின.

"ஓடு மக்தோங்!" என்று காலடியில் பனி கிசுகிசுத்தது. "நாங்கள் அதன் காலைப் பிடித்துக்கொள்கிறோம். ரொம்ப நேரம் தாங்காது, சீக்கிரம் ஓடு!"

அவன் விழுந்தும் எழுந்தும் தவழ்ந்தும் போனான். முன்னால் இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகலான சரிவு. அதன் ஓரத்தில் அடி தெரியாத பள்ளம். அதைக் கடந்து மேட்டில் ஏறியதும் திரும்பிப் பார்த்தான். பனியை உதறிக்கொண்டு புலி சரிவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதன் மூச்சின் வெப்பம் முகத்தில் அடித்தது.

மக்தோங் குடுக்கையின் மூடியைப் பிடுங்கினான்.

"வேண்டாம்!" என்றது பனி. "மக்தோங், நாங்கள்தானே உனக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்!"

அவன் ஊற்றினான். கடைசிச் சொட்டுவரை ஊற்றினான்.

அந்தக் குளிரில் தண்ணீர் பட்ட இடமெல்லாம் நொடியில் கண்ணாடியானது. புலியின் நகங்கள் கிறீச்சிட்டன. பிடிமானம் இல்லாமல் அது பக்கவாட்டில் வழுக்கி, உறுமிக்கொண்டே பள்ளத்துக்குள் போனது. உறுமல் நின்றபோது மலை முழுவதும் இருந்த பனி ஒரே குரலில் "அம்மா!" என்று அலறியது. மக்தோங் இரு கைகளையும் பின்னால் வளைத்து மகளின் காதைப் பொத்தினான்.

மேகத்தாய் தரைவரை இறங்கி வந்தாள். எங்கும் வெண்மை, எதுவும் தெரியவில்லை. முதுகில் பிள்ளை இருக்கிறதா என்று அவன் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"உன் பிள்ளைக்காக என் பிள்ளைகளைக் கல்லாக்கினாயா?" என்ற குரல் காதருகே கேட்டது.

அவன் பொய் சொல்லவில்லை. "ஆமா தாயே. மறுபடி புலி வந்தாலும் அதத்தான் செய்வேன்."

மேகத்தாய் சொன்னாள்: "நானும் தாய்தான். அதனால்தான் உன் பிள்ளையை விட்டுப்போகிறேன். ஆனால் என் பிள்ளைகளை இனி உன்னிடம் விட மாட்டேன்."

மலையில் மிஞ்சியிருந்த பனிப்பிள்ளைகளை வாரிச் சுமந்து, அழுதுகொண்டே கடலைத் தாண்டினாள். அழுத தாகத்துக்குக் கடலைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போனாள். ஜப்பான் மலையில் குகைக்குள் படுத்திருந்த கரடியிடம், "இங்கே யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?" என்று கேட்டாள்.

"வசந்தம்வரை இங்கே யார் எழுந்திருக்கப் போகிறார்கள்?" என்று கொட்டாவி விட்டது கரடி. அவள் சுமந்து வந்த அத்தனையையும் அங்கேயே இறக்கினாள்.

மறு குளிர்காலம் கொரிய மலைக்கு வெறும் குளிர்தான் வந்தது. "பனி எப்பப்பா பேசும்?" என்று தான்பி நச்சரித்தாள். தாங்க முடியாமல் மக்தோங் மலையேறி, குடுக்கைத் தண்ணீரைக் காற்றில் வீசி இறைத்தான். அது வெள்ளைக் குருணையாக உறைந்து விழுந்தது. தான்பி குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தாள். பொழுது சாயும்வரை வைத்திருந்தாள். அது பேசவே இல்லை.

ஜப்பானில் பனியில் சறுக்கப் போகிறவர்கள் தடுக்கி விழுந்தால் மெத்தென்று ஏந்திக்கொள்ள இன்றும் அந்தத் தாயின் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொரியாவில் இயந்திரத்தால் தண்ணீரைப் பீய்ச்சி உறையவைத்துத்தான் சறுக்கும் சரிவை வெள்ளையாக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கெட்டிப் பனியில் பலகை கரகரவென்று உரசும், விழுந்தால் எலும்பு நோகும். ஒரு தகப்பன் பயத்தில் குடுக்கையைக் கவிழ்த்த அந்த நாளிலிருந்துதான், அங்கே யார் விழுந்தாலும் அடியில் கிடக்கும் பனி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.