பத்தின் தோளில் ஏறியவன்

அந்தக் காலத்தில் நண்டும் பேசும், கடலும் பேசும். நிலமெல்லாம் தனக்கே வேண்டும் என்று கடல் பொங்கி ஏறிக்கொண்டே வந்தது. கரையில் வளை தோண்டிக் குடியிருந்த செம்பி என்ற நண்டு ஓடிவந்து கடலை மறித்து நின்றாள். வளைக்குள்ளே அவள் குஞ்சுகள் இருந்தன.

"ஆத்தா, எங்க கரையை மட்டும் விட்டுடு" என்று கெஞ்சினாள்.

"சரிட்டி. ஒன் கரையில எத்தனை மணலுன்னு எழுதிக் காட்டு. எழுதின அளவு ஒனக்கு, மிச்சம் எனக்கு" என்றது கடல். இவளால் எங்கே ஆகப்போகிறது என்ற இளக்காரம் அதற்கு.

செம்பிக்குப் பத்துக் கால். பத்து மணல் ஒரு கிள்ளு, பத்துக் கிள்ளு ஒரு பிடி, பத்துப் பிடி ஒரு குவியல் என்று பத்துப் பத்தாகவே கரை முழுவதையும் அளந்துவிட்டாள். மூன்றுக்குப் பின்னே பதினெட்டுப் பூஜ்யம் வந்தது. பிறகு ஈரமணலில் மூன்று கோடு கிழித்து, பூஜ்யத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு மணல் உருண்டைகளை வரிசையாக வைத்தாள். அவசரத்தில் வரிசையைக் கடல் பக்கமாக வைத்ததுதான் அவள் செய்த பிழை.

ஒரு சின்ன அலை வந்து கடைசி உருண்டையைக் கரைத்தது. ஒரே ஓர் உருண்டைதான். கடல் வரிசையைப் படித்துவிட்டு, கரையில் பத்தில் ஒன்பது பங்கை ஒரே வாயில் விழுங்கியது. செம்பி திகைத்துப்போனாள். மிளகளவு உருண்டைக்குள் இத்தனை பெரிய கரையா இருந்தது! அடுத்த அலை அடுத்த உருண்டையைக் கரைத்தது. மிச்சத்திலும் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. தண்ணீர் வளை வாசலுக்கு வந்துவிட்டது.

செம்பியின் புருஷன் சுண்டான் அவளில் பாதிகூட இருக்கமாட்டான். கரையே அவனைக் கேலி பேசும்.

"என்னங்க, சீக்கிரம் ஏந் தோள்ல ஏறுங்க!"

"நான் ஏறி என்னட்டி ஆகப்போவுது?"

"உருண்டை அழிஞ்சா அழியட்டும். எத்தனை உருண்டைன்னு நமக்குத் தெரியுமுல்லா? அதைச் சத்தமாச் சொல்லுங்க!"

செம்பி மூன்று கோட்டுக்குப் பக்கத்தில் பத்துக் காலையும் விரித்து நின்றாள். சுண்டான் அவள் வலது தோளில் ஏறிக் கத்தினான்: "பதினெட்டு!"

"ஆத்தா, நான்தான் பத்து. இவரு சொன்ன தடவை அந்த மூணைப் பத்தால பெருக்கு" என்றாள் செம்பி.

கடல் பெருக்கியது. முதல் பெருக்கலில் முப்பதே மணல். கடலுக்குச் சிரிப்பு வந்தது. ஆறாவதில் ஒரு படி மணல். பன்னிரண்டாவதில் ஒரு குன்று. அதற்குமேல் அது சிரிக்கவில்லை. விழுங்கியதை எல்லாம் கக்கிக் கக்கிப் பின்வாங்கியது. பதினெட்டாவதில் கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் கரையாய்க் கிடந்தது.

சுண்டானுக்கு இப்போது குஷி. ஒரு கொடுக்கைத் தனக்கு முன்னால் கழித்தல் குறிபோலக் குறுக்கே நீட்டினான். "இனி பெருக்காத ஆத்தா, அத்தனை தடவை பத்தால வகுத்துப் பாரு."

கடல் தன்னிடமிருந்து மூன்று துளி எடுத்து வகுத்தது. துளி தூசியாயிற்று, தூசி கண்ணுக்கு மறைந்தது, பிறகும் வகுக்க மிச்சமிருந்தது. தன் துளிக்குள்ளேயே இத்தனை ஆழமா என்று கடல் குனிந்து குனிந்து தேடிப் பார்த்தது.

"இம்புட்டுப் பெருசையும் இம்புட்டுச் சிறுசையும் இந்தச் சுண்டான் ஒருத்தனா தாங்குதான்!" என்றது கடல்.

அன்று முதல்தான் எண்ணி மாளாததை எழுதும்போதெல்லாம் பத்தின் தோளில் ஒரு சின்ன எண் ஏறி உட்காருகிறது. நண்டு வைக்கும் உருண்டைகளை அலை தினமும் அழித்தாலும், கரை அப்படியே இருக்கிறது.