அரக்கு வைத்த பாட்டில்

புதுச்சேரியில் பழைய விஸ்கி பாட்டில்களுக்கு விலை மதிப்பவர் மதலேன் அம்மா. அவரிடம் தொழில் பழகிய தணிகைவேல், கலால் துறையில் ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்த சிஷ்யர். சேர்ந்த அன்றைக்கே குரு சொன்ன பாடம் ஒன்றுதான்: கண்ணால் கண்டதைச் சொல்லுங்க, கூட்டாதீங்க, குறைக்காதீங்க.

ஒரு நாள் வந்த பாட்டிலெல்லாம் போலி. பொய்யைப் பார்த்துப் பார்த்துத் தணிகைவேலுக்கு அலுத்துப்போயிருந்தது. கடையைக் கட்டலாம் என்று எழுந்தபோது, குணசுந்தரி என்ற அம்மாள் ஒரு பாட்டிலைப் பழந்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

“விலை வேண்டாம்மா. மகள் பொறந்த அன்னைக்கு என் வீட்டுக்காரர் குடியை விட்டார். இதை அலமாரியில வெச்சு, ‘இதைத் தொட்டா நான் மனுஷனே இல்லை’ன்னார். எனக்குத்தான் நம்பிக்கை வரல. அவர் ஊர்ல இல்லாதப்ப பழைய அரக்கை முழுசாச் சுரண்டி எடுத்து, விஸ்கியைக் கொட்டிட்டு, டீத்தண்ணியை ஊத்திப் புதுசா அரக்கு வெச்சுட்டேன்.”

“அவருக்குத் தெரியுமா?”

“சொன்னதே இல்லை. போன மாசம் தவறிட்டார். நான் வெச்ச அரக்கை அவர் பிரிச்சிருக்காரா? அது தெரியாம எனக்குத் தூக்கமே வரலம்மா.”

மதலேன் அம்மா பாட்டிலின் கழுத்தில் டார்ச் அடித்தார். தணிகைவேலும் குனிந்து பார்த்தார். அடியில் இருந்த அரக்கு பிளந்திருந்தது. அதன்மேல் இன்னொரு அரக்கு, வேறு சிவப்பு, அவசரமாகப் பூசியது. அதுவும் பழசாகி விரிசல் விட்டிருந்தது.

“பிரிக்கல,” என்றார் மதலேன் அம்மா. “நீங்க வெச்சது வெச்சபடி இருக்கு.”

குணசுந்தரி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். பிறகு பழையபடி துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

தணிகைவேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இங்கேயுமா பொய் என்று மனசு விட்டுப்போயிற்று.

“கண்டதைச் சொல்லணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? ரெண்டு அரக்கு இருந்துச்சே!”

“இருந்துச்சு சார்.”

“வாக்கை மீறிப் பிரிச்சிருக்காரே. அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாமா?”

“பிரிச்சார். உள்ளே டீத்தண்ணி. யார் ஊத்தியிருப்பாங்கன்னு அவருக்குத் தெரியாதா?” மதலேன் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். “மேல இருந்த அரக்கு எத்தனை பழசுன்னு பார்த்தீங்களா?”

“ரொம்பப் பழசு.”

“அத்தனை வருஷமும் அந்தம்மாகிட்ட அவர் சொல்லல. நான் யாரு சார், சொல்றதுக்கு?”