மூன்று இலை போட்ட பிச்சாண்டி

வேங்கைக்கோட்டை ராஜா உக்கிரசேனருக்கு எல்லாம் இருந்தது. கோட்டை இருந்தது, காதைத் தொடும் மீசை இருந்தது, மூன்று ராணிகள் இருந்தார்கள். பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

அந்த அரண்மனையில் விளக்கு வைத்ததிலிருந்து சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கதை நேரம். மேடை ஒன்று, கோஷ்டி மூன்று. ஒரு நாள் முத்துப்பேச்சியின் பொம்மலாட்டம். அதில் ஒற்றைக்கண் ஒற்றன் ஒருவன் கொலைகாரர்களைத் துப்பறிவான். மறுநாள் கூத்து, அதில் ஓயாத போர். அதற்கும் மறுநாள் வில்லுப்பாட்டு. அதில் ஒரு மாமியாரும் மருமகளும், போரைவிட மோசம். பிறகு மறுபடியும் பொம்மலாட்டம். இந்த முறையை வகுத்துக் கொடுத்தவன் அரசவை விதூஷகன் பிச்சாண்டி.

அன்று பொம்மலாட்டம். "கொலைகாரன் வேறு யாருமில்லை..." என்று ஒற்றன் பொம்மை கையை நீட்டியது. டணார்! சாப்பாட்டு மணி. திரை விழுந்தது.

"யார்? யாரடா கொன்றது?" ராஜா அரியணையிலிருந்து குதித்தே விட்டார்.

"அடுத்த முறை வர்றப்ப சொல்றேன் மகராசா," என்றது திரைக்குப் பின்னாலிருந்து முத்துப்பேச்சியின் குரல்.

அரண்மனை மேலாளர் திருமேனியார் இந்த நேரத்துக்காகத்தான் வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தார். "ராஜாவைக் காக்க வைப்பதா! என் மைத்துனனும் ஒரு கோஷ்டி வைத்திருக்கிறான். ஒரே கதை, தினமும் பாடுவான். முறையாவது, மண்ணாவது!" மைத்துனன் பாடினால் கழுதையும் காதைப் பொத்திக்கொள்ளும். அது ஊருக்கே தெரியும். ராஜாவுக்குத் தெரியாது.

"சபாஷ்!" என்று உறுமினார் ராஜா. "இனி எனக்குப் பிடித்த எதற்கும் நான் முறை பார்த்துக் காத்திருக்க மாட்டேன். நாளையிலிருந்து மூன்று கோஷ்டியும் தினமும் வரவேண்டும். அதே நேரத்துக்குள் மூன்று கதையும் நடக்கவேண்டும். எதையும் குறைக்கக் கூடாது. முடியாவிட்டால் மூன்று கோஷ்டியும் ஊரைவிட்டு வெளியே, மேடை திருமேனியாரின் மைத்துனனுக்கு. பிச்சாண்டி, நாளைக்குள் ஏற்பாடு செய். இல்லாவிட்டால் நீயும் மூட்டையைக் கட்டு!"

"உத்தரவு மன்னா. இந்த ஆணை மேடைக்கு மட்டுமா, அரண்மனை முழுவதுக்குமா?"

"அரண்மனை முழுவதுக்கும்தான்! என் ஆணைக்கே வேலி போடுகிறாயா?"

"ஐயோ, நானா? இருக்கிற வேலியையும் பிடுங்கிவிட்டுப் போகிறேன்."

வாசலில் முத்துப்பேச்சி அழுதுகொண்டு நின்றாள். "ஐயா, இடையில ரெண்டு நாள் கிடைக்கிறதாலதான் புதுக்கதை யோசிக்கிறேன், பொம்மைக்குச் சேலை தைக்கிறேன். தினமும் ஆடச் சொன்னா நான் எங்க போவேன்? செத்தவனையே திரும்பக் கொல்லணும்!"

"அழாதே தாயி. நாளைக்கு நீ ஆடவே வேண்டாம். ராஜா ஆடுவார்," என்று சொல்லிவிட்டுப் பிச்சாண்டி நேரே அந்தப்புரம் போனான்.

அந்த அரண்மனையில் சாப்பாட்டுக்கும் ஒரு முறை உண்டு. ராஜாவுக்கு இரவு விருந்து ஒரு நாள் பெரிய ராணியின் கையால், மறுநாள் நடு ராணி, அடுத்த நாள் இளைய ராணி. ராணி பரிமாறியதில் மிச்சம் வைத்தால் அவள் பிறந்த வீட்டையே அவமதித்ததாக அர்த்தம். மூன்று மாமனார்களிடமும் யானைப்படை இருந்ததால் ராஜா இதுவரை ஒரு கறிவேப்பிலையைக்கூட ஒதுக்கியதில்லை.

பிச்சாண்டி ராஜாவின் ஆணையை மூன்று ராணிகளிடமும் தனித்தனியே, ஒரு சொல் கூட்டாமல் சொன்னான். "அட, என் கைச்சமையல் அவருக்குத் தினமும் வேண்டுமாமே!" என்று மூவரும் தனித்தனியே பூரித்துப்போனார்கள்.

மறுநாள் விளக்கு வைத்ததும் ராஜா வந்தார். "கோஷ்டிகள் எங்கே?"

"முதலில் விருந்து, மன்னா. ஆணை அங்கிருந்து தொடங்குகிறது."

ராஜாவின் முன்னால் மூன்று தலைவாழை இலை. இடப்பக்கம் பெரிய ராணி, சட்டி நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு. வலப்பக்கம் நடு ராணி, விரால் மீன் குழம்பு. நடுவில் இளைய ராணி, நெய் மிதக்கும் பாயசமும் மலைபோல் அதிரசமும்.

"முதலில் அவளுடைய இலையிலா கை வைத்தீர்கள்?" என்றாள் பெரிய ராணி.

"என் மீன் ஆறுகிறது!" என்றாள் நடு ராணி.

"எங்கள் அப்பாவுக்கு ஓலை அனுப்பட்டுமா?" என்று இளைய ராணி மெதுவாகத்தான் கேட்டாள்.

ராஜா இரண்டு கையாலும் தின்றார். அதிரசம் மீன் குழம்பில் விழுந்தது, அதையும் தின்றார். வாள்கச்சையை அவிழ்த்துவிட்டுத் தின்றார். மீசையில் பாயசம் வழிந்தது. கடைசியில் மூன்று இலையையும் வழித்துவிட்டுத் தூணில் சாய்ந்து முனகினார்.

"நாளைக்கு இப்படி எதிர்பார்க்காதீர்கள்," என்றாள் பெரிய ராணி. "இடையில் இரண்டு நாள் இருந்தால்தான் யோசித்துச் சமைக்க முடியும். தினமும் என்றால் ரசமும் அப்பளமும்தான்." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மூவரும் ஒத்துப்போனது அன்றுதான் முதல் தடவை. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

"அடப்பாவி பிச்சாண்டி!" என்று அலறினார் ராஜா. "எல்லாம் பிடித்ததுதான். ஆனால் எனக்கு வயிறு ஒன்றுதானடா!"

"மேடையும் ஒன்றுதானே, மன்னா."

ராஜா, சிரித்தால் வயிறு வலிக்கும் என்பதால் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி, பழைய முறையே இருக்கட்டும். மூன்று கோஷ்டியும் இங்கேயே இருக்கட்டும்." விரலிலிருந்த மோதிரத்தைப் பிச்சாண்டிக்குப் பரிசாகக் கழற்றப் பார்த்தார். வீங்கிய விரலிலிருந்து அது வரவில்லை.

திருமேனியார் விடவில்லை. "அப்படியானால் மன்னா, என் மைத்துனனுக்கும் நாலாவதாக ஒரு முறை கொடுத்துவிடலாமே?"

புதுசு என்றதும் ராஜாவின் கண் மின்னியது. "நாலாவதா? அதுவும் நன்றாகத்தான் இருக்கும்..."

"தாராளமாக, மன்னா," என்றான் பிச்சாண்டி. "'மூன்று போதவில்லை, நாலாவது வேண்டும்' என்று நீங்களே வாய்விட்டு உத்தரவு போடுங்கள். கொஞ்சம் சத்தமாக. ராணிகள் மூவரும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள்."

ராஜா பாயசக் கையாலேயே திருமேனியாரின் வாயைப் பொத்தினார்.