அம்மையார் பேசாத செவ்வாய்க்கிழமை

தம் சாவுக்கு வந்த மாலையை ஆசிரமத் தலைவி உலகம்மை அம்மையார் தாமே வாசலுக்குப் போய் வாங்கிக்கொண்டார். "நல்ல சம்பங்கி" என்றார். கொண்டுவந்தவர் அவசரமாக அவர் காலில் விழுந்தார்.

அம்மையார் காலமானார், ஞாயிற்றுக்கிழமை கண் சிகிச்சை முகாம் கிடையாது என்று அன்று காலை பலருக்கு மின்னஞ்சல் போயிருந்தது. அனுப்பியது ஆசிரமம் இல்லை. ஆனால் ஆசிரமத்தின் பெயரில்தான் வந்திருந்தது.

கணினியைப் பார்த்துக்கொள்ளும் சீடர் பலவேசத்தை அவமானம் பிடுங்கித் தின்றது. முப்பது வருஷம் தபால் இலாகாவில் இருந்தவர் அல்லவா! டாக்டர்களுக்கு போன் போட்டுக் கெஞ்சியாகிவிட்டது. இன்னொரு தடவை இப்படிக் கடிதம் வந்தால் வரமாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இருநூறு பேர் அந்த முகாமை நம்பி இருந்தார்கள்.

"நமக்கு இணையத்துல ரெண்டு முகவரி இருக்கும்மா. ஒண்ணுலதான் கடிதம் போடுறோம். 'இந்த இடத்துலேர்ந்து வந்தா மட்டும்தான் எங்க கடிதம், மத்ததைத் தள்ளிடுங்க'ன்னு அதுக்கு ஊரறிய எழுதி வச்சிருக்கேன். அதுல ஒரு பயலும் வாலாட்ட முடியாது."

"இன்னொண்ணு?"

"பூ விழாவுக்கு வாங்கினது. ஏழு வருஷமா சும்மா கிடக்கு. ஒரு வரி எழுதினதில்ல. அந்தப் பொய்க் கடிதம் இதுலேர்ந்துதான் வந்திருக்கு. எழுதாத முகவரியிலேர்ந்து எப்படிம்மா கடிதம் வரும்?"

அம்மையார் சிரித்தார்.

வியாழக்கிழமைதோறும் அவருக்கு மௌன விரதம். அன்று அறைக் கதவில் 'இன்று பேச்சில்லை' என்று பலகை தொங்கும். மாலை வந்த மறுநாள் செவ்வாய்தான், பலகையும் இல்லை. பலவேசம் வந்து கும்பிட்டபோது அம்மையார் தலையை மட்டும் ஆட்டினார்.

"அம்மா பாயாசம் வைக்கச் சொல்லிட்டாங்க" என்றாள் சமையல்கட்டு சங்கரவடிவு. "நாலு தேங்கா உரிச்சுத் தாங்கண்ணே."

உரித்துக் கொடுத்தார்.

"தண்ணித் தொட்டியை இன்னைக்கே கழுவணுமாம். நீங்கதான் இறங்கணுமாம். அம்மா உத்தரவு" என்றான் தோட்டக்கார மாசானம்.

அறுபத்திரண்டு வயதில் தொட்டிக்குள் இறங்கினார் மனிதர். பாசியைத் தேய்க்கும்போதும் ஞாயிற்றுக்கிழமை முகாமையே நினைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஈர வேட்டியோடு வந்து நின்றவரிடம் அம்மையார் வாய் திறந்தார்.

"பாயாசம் பிரமாதம். யார் வைக்கச் சொன்னது?"

"நீங்கதானேம்மா!"

"நான் இப்பத்தான் முதல் வார்த்தை பேசுறேன்."

பலவேசத்துக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "அப்ப தொட்டியும் பொய்யா? வியாழக்கிழமை வந்து இப்படிச் சொல்லட்டும் பார்ப்போம், ஒருத்தர் நம்புவாங்களா?"

"ஏன் நம்பமாட்டாங்க?"

"பலகை தொங்குதே! நீங்க பேசமாட்டீங்கன்னு பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே!"

"சரி" என்றார் அம்மையார். "ஏழு வருஷமா பேசாம கிடக்குன்னு சொன்னீங்களே, அந்த முகவரியோட கதவுல என்ன தொங்குது, பலவேசம்?"